மூன்று முறை விதைத்த வெங்காயத்தாள்

அண்ணனின் கையில் ஒரு பிடி நாற்று இருந்தது. வேரெல்லாம் ஈரமண். மயிலுக்காக நான் கட்டிவைத்திருந்த வலையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, மொட்டைமாடியில் செடிப்பைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். காலை எட்டு மணி இருக்கும். நான் காப்பித் தம்ளரோடு படியேறி வந்தது அவர் காதில் விழவில்லை.

பிடுங்கியது களை இல்லை. நான் விதை போட்டு வளர்த்த வெங்காயம்.

"ஏனுங்ணா, என்ன பண்றீங்க?"

திடுக்கிட்டுத் திரும்பினார். கையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "களை, அம்மணி. புல்லு மொளச்சுக் கெடந்துது" என்றார்.

என் அண்ணன் ரங்கசாமி, தொண்டாமுத்தூர்ப் பக்கம் நாற்பது வருடம் வெங்காயம் வெள்ளாமை செய்தவர். ஓடுகிற பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தபடியே, யார் காட்டு வெங்காயத்துக்கு நோய் விழுந்திருக்கிறது என்று சொல்லிவிடுவார். அப்பேர்ப்பட்டவருக்குப் புல்லும் வெங்காயமும் வித்தியாசம் தெரியவில்லையாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. காப்பித் தம்ளரைக் கைப்பிடிச் சுவரில் வைத்தேன். வைத்தேன் என்று எழுதுவது மரியாதைக்கு. பாதிக் காப்பி கீழே கொட்டிவிட்டது.

"ஒண்ணரை மாசமா மயிலு திங்குதுன்னு வலை கட்டி, தகரம் தட்டி, பக்கத்து ஊட்டுக்காரங்க கிட்டயெல்லாம் பொலம்பீட்டு இருக்கறேன். அது நீங்கதானுங்களா? இப்படிப் பண்றதுக்கு நீங்க சும்மாவே உக்காந்திருக்கலாமுங்ணா!"

அவர் நாற்றுகளை வேர் மடங்காமல் பையின் ஓரத்தில் வைத்தார். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு கீழே இறங்கிப் போனார். கொட்டிய காப்பியைத் துடைத்துவிட்டு நான் இறங்கி வந்தபோது, முன்னறை நாற்காலியின் விளிம்பில், துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"நான் ஊருக்குக் கெளம்பறேன், அம்மணி. மாப்ளைய வண்டியில பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கொண்டாந்து உடச் சொல்லு." மாப்ளை என்றது என் வீட்டுக்காரரை.

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரப் பகுதியைப் படித்துவிட்டு ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "நீங்கள் எப்போதுமே இப்படி எரிச்சலாகத்தான் இருப்பீர்களா?"

முப்பது வருடம் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? இருப்பேன், அம்மா. ஆனால் இந்த முறை எரிச்சலுக்கான காரணத்தை முழுதாகச் சொல்லிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே மார்க் போடுங்கள்.

அண்ணி போய் ஒரு வருடத்துக்கு மேலாகிறது. ஒரே மகள் ஆஸ்திரேலியாவில் இருக்கிறாள். மலையடிவாரத்துத் தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு, அதன் நடுவில் இருக்கிற வீட்டில் அண்ணன் ஒண்டியாக இருந்தார். யானை வந்து தென்னங்கன்றைச் சாய்த்துவிட்டுப் போனதை, பக்கத்து வீட்டு ஆடு மேய்ந்துவிட்டுப் போன மாதிரிதான் சொல்வார். யானையால் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. வைகாசியில் ஒரு மழை நாளில் மோட்டார் ரூம் படியில் வழுக்கி விழுந்தார். மணிக்கட்டு முறிந்து, இடுப்பில் அடிபட்டு, எழுந்திருக்க முடியாமல் காலையிலிருந்து அங்கேயே கிடந்திருக்கிறார். மத்தியானம் பால் எடுக்க வந்த ஆள் பார்க்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராகப் போத்தனூரில் இருக்கிற எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்துவிட்டோம். மகள் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போனில் அழுவாள். "அத்தை, அப்பாவைத் திரும்ப அங்க மட்டும் அனுப்பீராதீங்க."

அனுப்புவது நானா? அவர்தான் நிற்கமாட்டேன் என்கிறாரே. கைக்கட்டுப் பிரித்த அன்றைக்கே பையைத் தூக்கிவிட்டார். இந்தப் பக்கம் அழுகிற மருமகள், அந்தப் பக்கம் பையைத் தூக்குகிற அண்ணன், நடுவில் பேப்பர் படிக்கிற வீட்டுக்காரர். என் வீட்டுக்காரர் ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வேலை பார்த்த காலத்தில் பேச வேண்டியதையெல்லாம் பேசித் தீர்த்துவிட்டாரோ என்னவோ, இப்போது ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம்.

கணக்கு டீச்சர் போட்ட கணக்கு

அண்ணன் முதன்முதலாகப் பையைத் தூக்கிய அந்தக் காலையில் நான் மாடியில் வெங்காய விதை போட்டுக்கொண்டிருந்தேன். வெங்காயத்தாளுக்காகத்தான். ஓய்வு பெற்ற பிறகு மாடித்தோட்டம் போடாத டீச்சர் கோயமுத்தூரில் உண்டா? செல்போனில் ஒரு பெண், பிளாஸ்டிக் தொட்டியில் விதைத்துக் கட்டுக்கட்டாக வெங்காயத்தாள் அறுத்துக் காட்டினாள். வாயெல்லாம் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நம்பித்தான் நானும் இறங்கினேன்.

அண்ணன் சொல்லிக்கொண்டு போக மாடிக்கு வந்தார். விதையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். கறுப்பாக, எள்ளைவிடக் கொஞ்சம் பொடியாக, முனை முனையாக இருக்கும் வெங்காய விதை.

"வெதையா? காயை ஊணுனா அஞ்சாம் நாளு மொளைக்கப் போகுது. மூணு நாலு வாரத்துல தாள் அறுத்துப்போடலாம். எதுக்கு அம்மணி இந்த வெளையாட்டு?"

எங்கள் பக்கத்தில் சின்ன வெங்காயத்தைக் காயாக, அதாவது முழு வெங்காயமாகத்தான் ஊன்றுவார்கள். விதையிலிருந்து வந்தால் தாள் அறுக்க இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். மூன்று வாரம், இரண்டு மாதம். என் மண்டைக்குள் கணக்கு ஓடியது.

"வெதையில பண்ணோணும்னுதானுங்ணா ஆசை. எனக்கு ஒண்ணுமே புரியல. இந்தத் தாள் அறுக்கற வரைக்குமாவது கூட இருங்க."

பயிர் மண்ணில் இருக்கும்போது பாதியில் விட்டுப்போக அவருக்கு மனசு வராது. அது எனக்குத் தெரியும். துணிப்பையைக் கீழே வைத்தார்.

"செரி. வெள்ளாமை ஊட்டுக்கு வந்ததும் நான் போயிருவேன். அப்பறம் நிறுத்தக் கூடாது" என்றார்.

சொன்ன சொல் மாறாத மனிதர். ஆகவே என் நிலைமை இதுதான்: வெங்காயம் முளைக்காவிட்டாலும் போய்விடுவார், முளைத்து விளைந்துவிட்டாலும் போய்விடுவார். அது உயிரோடும் இருக்க வேண்டும், மெதுவாகவும் வளர வேண்டும். எந்தப் பாடப் புத்தகத்திலும் நான் இப்படி ஒரு கணக்கைப் பார்த்ததில்லை.

முளைக்காதது, மூழ்கியது

முதல் விதைப்பு முளைக்கவே இல்லை. பதினைந்து நாள் பூவாளியில் தண்ணீர் தெளித்ததுதான் மிச்சம். தப்பு என்னுடையது. அந்த விதைப் பாக்கெட்டைப் போன வருடமே வாங்கி, அடுப்புக்கு மேல் அலமாரியில் மஞ்சள்தூள் டப்பாவுக்குப் பக்கத்தில் சொருகி வைத்திருந்தேன். வெங்காய விதைக்கு ஆயுசு ஒரு வருடம்தான், அதுவும் சூடு படாமல் வைத்திருந்தால் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். நான் ஒரு வருடமாக அதை வறுத்திருக்கிறேன்.

"மொளைக்கக் காணோமே. அப்ப நான் கெளம்பட்டுமா?" என்றார் அண்ணன்.

அன்றைக்கே டவுன் பஸ் பிடித்துக் காந்திபுரம் போனேன். நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஒரு அம்மாவின் கூடை என் விலாவைக் குத்திக்கொண்டே வந்தது. கடையில் விதைப் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பி, எந்த மாதத்து விதை என்று கண்ணாடியைப் போட்டுப் படித்து வாங்கினேன். கடைக்காரர் நான் ஏதோ மருந்து வாங்குவதைப் போலப் பார்த்தார். எனக்கு அது மருந்துதான்.

இரண்டாம் விதைப்பு ஆடியில். தேங்காய் நார்த்தூளும் எருவும் கலந்து, விதையை அரை விரற்கடை ஆழத்துக்குள் போட்டு மூடி, உச்சி வெயில் படாத மூலையில் வைத்தேன். ஏழாம் நாள் முளைத்தது. வெங்காயம் நேராக முளைக்காது. கொண்டை ஊசி மாதிரி வளைந்து, முதுகை மட்டும் வெளியே நீட்டும். பிறகு ஒரு நாள் தலையை உருவி நிமிரும். நுனியில் கறுப்பு விதைத்தோல் தொப்பி போல ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன். ஒத்துக்கொள்கிறேன்.

மறுநாள் அண்ணன் தண்ணீர் விட்டார். பூவாளியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாத்திக்கு மடை திருப்பிவிட்டே பழகியவர், இரண்டு பக்கெட் தண்ணீரை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டார். நான் போனபோது என் முளைகளெல்லாம் மாடித் தரையில், மழைநீர்க் குழாயின் வாயில் சேர்ந்து கிடந்தன.

"தண்ணி பத்தாதுன்னு ஊத்திப்போட்டேன், அம்மணி" என்றார். என் முகத்தைப் பார்க்கவில்லை. பிறகு அவராகவே, "பரவால்ல, மறுக்காப் போட்டுப் பாக்கலாம்" என்றார்.

அந்தச் சொல்லைக் கவனித்திருக்க வேண்டும். நான் ஈரத் தரையைத் துடைக்கிற கோபத்தில் இருந்தேன்.

மயிலின் மேல் பழி

மூன்றாம் விதைப்பு ஆவணியில். நன்றாக வந்தது. பை நிறையப் பச்சை மயிர் மாதிரி அடர்ந்து நின்றது. நாற்று அரைச் சாண் உயரம் வந்ததும், குறையத் தொடங்கியது. தினம் பத்து. சரியாகப் பத்து.

இப்போதெல்லாம் போத்தனூரில் தண்டவாளத்து ஓரப் புதரிலிருந்து மயில் ஏறி மாடி மாடியாக வருகிறது. தேசியப் பறவை, ஒன்றும் செய்ய முடியாது. தக்காளியைக் கொத்தும், கீரையைக் கிழிக்கும், எச்சமிட்டுவிட்டு அழகாக நடந்து போகும். அதுதான் என்று முடிவு கட்டினேன். வலை கட்டினேன். பழைய சிடிகளைத் தொங்கவிட்டேன். தினமும் காலையில் தகரத்தைத் தட்டினேன். எதிர்வீட்டுக்காரர், "ஏனுங்க டீச்சர், ஊட்டுல ஏதாச்சும் விசேசமுங்களா?" என்று கேட்கிற அளவுக்குத் தட்டினேன்.

மயில் ஒரு நாளைக்குச் சரியாகப் பத்து எண்ணித் தின்னுமா என்று கணக்கு டீச்சருக்கு ஒரு நாள்கூடத் தோன்றவில்லை. இதை என் பழைய மாணவிகள் யாரும் படிக்காமல் இருக்க வேண்டும்.

புரட்டாசி போய் ஐப்பசி வந்தது. பையில் இருபது நாற்றுதான் மிச்சம். அப்போதுதான் அந்தக் காலை, அந்தக் காப்பித் தம்ளர்.

தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்

முன்னறையில் பையோடு உட்கார்ந்திருந்தவரைப் பார்த்ததும் என் கோபம் பயமாக மாறிவிட்டது. ஐந்து மாதமாக அவரை நிறுத்தி வைக்கப் பாடுபட்டவள், ஒரு பிடி நாற்றுக்காக நானே வாயால் விரட்டிவிட்டேன். அந்த மோட்டார் ரூம் படி என் கண்முன் வந்து நின்றது.

அடுக்களைக்கு வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு போனேன். "ஏனுங்க, நீங்களாச்சும் ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு போறாருங்க."

அவர் பேப்பரை மடித்தார். "மேல டேங்குக்குப் பின்னால போய்ப் பாத்துட்டு வா" என்றார்.

போனேன். தண்ணீர்த் தொட்டிக்கும் கைப்பிடிச் சுவருக்கும் நடுவில், ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடிகிற சந்து. அங்கே நான்கு பழைய பெயின்ட் வாளிகள் இருந்தன. நான்கிலும் வெங்காயம். விரலிடை விட்டு, வரிசை பிசகாமல், மண் அணைத்து, மேலே தேங்காய் நார் பரப்பி நட்டிருந்தது. தாள்கள் பென்சில் கனத்துக்குத் திரண்டு நின்றன. என் பையில் அவ்வளவு கனத்த வெங்காயம் ஒருநாளும் இருந்ததில்லை. மயில் தின்றதாக நான் ஊரெல்லாம் சொன்ன அத்தனையும் அங்கே இருந்தன.

கீழே வந்து வீட்டுக்காரரிடம் கேட்டேன். "உங்களுக்கு எப்பத் தெரியும்?"

"ஒரு மாசமாத் தெரியும். தண்ணி ரொம்பிருச்சான்னு பாக்கப் போனப்பப் பாத்தேன்."

"சொல்லறதுக்கென்னங்க?"

"நீ கேக்கல."

இந்த மனிதரோடு முப்பத்தைந்து வருடம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன். எனக்கு மார்க் போட வேண்டிய இடம் இதுதான்.

நேராக அண்ணன் முன்னால் போய் நின்றேன். "எதுக்குங்ணா இப்படிப் பண்ணுனீங்க? நெசத்தைச் சொல்லுங்க."

அவர் பையின் காதைத் திருகிக்கொண்டே இருந்தார். "செடிப்பையில எல்லாம் ஒண்ணா வெளைஞ்சா அறுத்துப்போடுவ. அறுத்தா நான் போயாகோணும், சொன்ன சொல்லு. அதான் நாளைக்குப் பத்தாப் புடுங்குனேன்."

"ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்துனதும் இதுக்குத்தானுங்களா?"

"அது நெசமாவே தெரியாமப் பண்ணுனது" என்றார், கொஞ்சம் ரோஷத்தோடு.

"செரி, புடுங்குனதை வீசி எறிய வேண்டியதுதானுங்களே. எதுக்கு அங்க கொண்டுபோய் நட்டீங்க?"

"உசுரோட இருக்கறதை எப்படி அம்மணி எறியறது?"

 அவர் மடியிலிருந்த துணிப்பையை வாங்கிக் கீழே வைத்தேன். "இருக்கோணும்னு ஆசை இருந்தா வாயைத் தொறந்து சொல்றதுக்கென்னங்ணா? நான் எத்தன தடவை இருங்க இருங்கன்னு சொன்னேன்!"

அடுக்களைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு, அண்ணன் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நீ சொல்லறது தங்கச்சி சொல்லறது. ஊடு மாப்ளையோடது. அவரு வாயில இருந்து ஒரு வார்த்தை வரலியே. நான் எப்படி இருக்கறது?"

சட்டை போட்டுக்கொண்டு வந்தவர்

எங்கள் பக்கத்து வழக்கம் இது. கூடப்பிறந்தவன் தங்கை வீட்டுக்குச் சீர் கொண்டுவருவான், கொடுப்பவன் அவன். வாங்கித் தின்று உட்கார மாட்டான். அப்படி உட்கார வேண்டிய நிலைமை வந்தால், மாப்பிள்ளை தன் வாயால் அழைக்க வேண்டும். தங்கை அழைப்பது கணக்கில் சேராது. இந்த வீடு கட்டும்போது உச்சி வெயிலில் நின்று சுவருக்குத் தண்ணீர் அடித்தவள் நான். இருந்தாலும் என் சொல் கணக்கில் சேராது. நினைக்க நினைக்க எனக்கு வயிறு எரிந்தது, இன்றைக்கும் எரிகிறது.

அடுக்களை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் முன்னறைக்கு வந்தார்.

"மச்சான், நான் சொல்லோணுங்களா? இருங்கன்னு சொன்னா விருந்தாளிகிட்டச் சொல்லற மாதிரி ஆயிருமேன்னுதானுங்க நான் வாயையே தொறக்கல. சொந்த ஊட்டுல இருக்கறவங்களை யாராச்சும் இருங்கன்னு சொல்லுவாங்களா?"

ஒருவர் அழைப்புக்காகக் காத்திருக்கிறார். இன்னொருவர் அழைத்தால் மரியாதைக் குறைவு என்று காத்திருக்கிறார். இரண்டு பேரின் மரியாதைக்கும் நடுவில் நான் மூன்று முறை விதைத்து, ஒரு பாவமும் அறியாத மயிலைத் தகரம் தட்டி விரட்டியிருக்கிறேன். கொங்கு நாட்டு மரியாதை என்று வெளியூர்க்காரர்கள் மெச்சிப் பேசும்போது, ஒரு வாரம் எங்கள் வீட்டில் வந்து இருந்து பார்க்கச் சொல்லலாம் போலிருக்கும்.

வீட்டுக்காரர் விறுவிறுவென்று உள்ளே போனார். கோபித்துக்கொண்டாரோ என்று பார்த்தால், வெள்ளைச் சட்டை போட்டுப் பொத்தான் மாட்டிக்கொண்டே திரும்பி வந்தார். பனியனோடு அழைப்பது முறையில்லையாம். அண்ணன் எதிரில் நின்று, இரண்டு கையையும் கூப்பினார்.

"மச்சான், இந்த ஊட்டுலயே இருந்துருங்க. நாங்க ரெண்டு பேரும் கேக்கறமுங்க."

அண்ணனும் எழுந்து கும்பிட்டார். "இருக்கறனுங்க, மாப்ளை" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே இரண்டு பேரையும் திட்டினேன். இரண்டு பேரும் மரியாதையாக நின்று கேட்டுக்கொண்டார்கள்.

மறுநாள் காலையில் நானே தொட்டிக்குப் பின்னால் நுழைந்து, வாளி வெங்காயத்தில் ஒரு கட்டுத் தாள் அறுத்து வந்தேன். பொடியாக நறுக்கித் தோசை மேல் தூவினேன். மூவரும் சாப்பிட்டோம். அடுப்பை அணைத்து, கல்லைக் கழுவிக் கவிழ்த்து, நான் கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அண்ணன் தட்டோடு அடுக்களை வாசலில் வந்து நின்றார். இந்த ஐந்து மாதத்தில் வைத்ததைச் சாப்பிட்டிருக்கிறாரே தவிர, ஒரு நாளும் அவர் கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில்லை.

"அம்மணி, இன்னொண்ணு ஊத்து" என்றார்.

கல்லைக் கழுவின பிறகுதான் கேட்க வேண்டுமா? எரிச்சலாக வந்தது. அடுப்பை மறுபடி பற்ற வைத்தேன்.